கடையில் எழுபத்திரண்டு, வீட்டில் தொண்ணூற்றுநான்கு

முனியராஜ் முதன்முதலில் என் கடைக்கு வந்தபோது கம்ப்யூட்டரை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி ஆட்டோவில் வந்து இறங்கினான். கீழே வைடா என்றால் வைக்கவில்லை. மேஜையைத் துடைத்த பிறகுதான் வைத்தான். அப்போதே எனக்கு எரிச்சல். என் மேஜை என்ன அவ்வளவு கேவலமாகவா கிடக்கிறது?

சிவகாசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் என் சர்வீஸ் கடை. என் பெயர் ஜெஸ்லின். வீட்டில் அம்மா டீச்சர், அக்கா டீச்சர், தங்கை நர்ஸ். நான் ஒருத்திதான் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு தனியே போனவள். ஆனாலும் இந்த ஊர்க்காரர்களுக்குச் சேலையும் கழுத்தில் சிலுவையும் இருந்தால் அது டீச்சர்தான். போர்டில் கம்ப்யூட்டர் படம் போட்டு வைத்தும் பிரயோஜனமில்லை. எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. ஊரில் கேட்டால் கூட்டித்தான் சொல்வார்கள்.

"என்னலே கோளாறு?" என்றேன்.

"கிராபிக்ஸ் கார்டு சூடாகுதுக்கா. வேல பாத்துக்கிட்டே இருக்கும்போது ஃபேனு எல்லாம் கத்தும், பொட்டுன்னு அணைஞ்சிரும்."

கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் படம் வரைந்து தள்ளுகிற பலகை. சாதாரணமாக டைப் அடிக்கிறவர்களுக்கு அதனால் பெரிய வேலையில்லை. விளையாட்டு, வீடியோ என்று ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் உயிர். விளையாட்டுக்கென்றே சேர்த்த கம்ப்யூட்டர் அவனுடையது. பெரிய கார்டு, மூன்று ஃபேன், கண்ணாடிப் பக்கம், உள்ளே கலர் கலராக லைட். சூடு அளவைத் தாண்டினால் கார்டு முதலில் மெதுவாகும். அப்படியும் தாங்காவிட்டால் மொத்தமும் அணைந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை காரணம் தூசிதான்.

கேபினட்டைத் திறந்துகொண்டே அவனைப் பார்த்தேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். இடது காதிலிருந்து கழுத்து வழியாகச் சட்டைக்குள் போகிற தோல் வேறு மாதிரி இருந்தது. இடது கையில் கடைசி இரண்டு விரலும் உள்ளங்கையோடு மடங்கியிருந்தன. நான் பார்வையை எடுத்துக்கொண்டதை அவன் பார்த்துவிட்டான்.

"வாணவெடி ரூம்புலக்கா. நாலு வருசம் ஆச்சு. கேக்கவா வேண்டாமான்னு முழிக்கிறீகள்ல, அதான் நானே சொல்லிட்டேன்" என்று சிரித்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

வந்து போன நாட்களில் அவன் கதை துண்டு துண்டாகத் தெரிந்தது. சொந்த ஊர் விஸ்வநத்தம். அப்பா நாகையா ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினவர். இவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். அம்மா பொன்மணி பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. பிளஸ் டூ முடித்ததும் இவனும் அதே கம்பெனியில் சேர்ந்தான். ஒரு நாள் மத்தியானம் இவன் இருந்த அறை வெடித்துப் போனது. கூட இருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். இவன் மதுரை ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்து எழுந்து வந்தான்.

அதற்குப் பிறகு ஒரு செல்போன் கடையில் சேர்ந்தான். வருகிற ஆட்கள் இவன் கழுத்தைப் பார்த்துவிட்டுப் போனை அடுத்த பையனிடம் நீட்டினார்கள். முதலாளி இவனை உள்ளறைக்கு மாற்றினார். அப்புறம் உள்ளறைக்கும் ஆள் வேண்டாம் என்றார். வேறு இரண்டு இடத்திலும் அதே கதைதான். நஷ்டஈடாக வந்ததில் ஒரு பங்கை எடுத்து இந்தக் கம்ப்யூட்டரை வாங்கினான். ஊரே சிரித்ததாம், கைபோனவனுக்கு விளையாட்டுப் பெட்டி கேட்குதாம் என்று.

ஆனால் அந்தப் பெட்டியில் அவன் செய்த வேலையைச் சும்மா சொல்லக் கூடாது. இப்போது ஒவ்வொரு பட்டாசுப் பாக்கெட்டிலும் செல்போனைக் காட்டினால் வீடியோ வருகிற ஒரு கட்டம் அச்சடிக்கிறார்கள் அல்லவா, அந்த வீடியோக்களை இவன் செய்து கொடுத்தான். வெடியைக் கொளுத்திப் படம் எடுப்பதில்லை. மொத்தமும் கம்ப்யூட்டருக்குள்ளேயே. பச்சை எந்த உயரத்தில் விரியும், அதிலிருந்து தங்கப்பொரி எப்படிக் கீழே வரும், புகை எந்தப் பக்கம் ஒதுங்கும் எல்லாம் திரையில் வரும். இன்னும் வெடிமருந்தே இடிக்காத வெடியைக்கூட வெளியூர் ஏஜென்டுகளிடம் காட்டி ஆர்டர் பிடிக்கலாம். விரிகிற ஒவ்வொரு பொரியையும் அந்தக் கார்டுதான் வரைய வேண்டும். சூடாகாமல் என்ன செய்யும்?

"புகை இல்ல, சத்தம் இல்ல, யாரு கையும் போகாது. நான்தான்க்கா சிவகாசியிலயே நல்ல வெடி போடுறவன்" என்பான்.

வேலை முடிந்தால் துப்பாக்கி விளையாட்டு. சாத்தூர்க்காரன் ஒருவன், மலேசியாவில் ஒருவன், இன்னும் யார் யாரோ கூட்டாளிகள். மடங்கிய இரண்டு விரலுக்கும் வேலை வராத மாதிரி கீபோர்டில் பொத்தான்களை இடம் மாற்றி வைத்திருந்தான். ஒரு தடவை என் கடையிலேயே ஆடிக் காட்டினான். எதிரில் வந்தவர்களைச் சுட்டுத் தள்ளினான் பாருங்கள், எனக்கே வாய் பிளந்துவிட்டது. அந்தக் கூட்டாளிகளில் ஒருவனுக்கும் இவன் கழுத்து தெரியாது. குரல்தான் தெரியும். அங்கே இவன்தான் தலைவன்.

சரி, சூட்டுக்கு வருகிறேன்.

இந்த ஊரில் ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றினால் அது எங்கே இருந்தது என்று தூசியே சொல்லிவிடும். பிரஸ்ஸிலிருந்து வந்தால் வெள்ளையாக மாவு அப்பியிருக்கும். அச்சடித்த தாள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவுகிற பவுடர் அது. பட்டாசு மருந்து வேலை பார்க்கிறவர் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் ஃபேன் இறக்கையில் வெள்ளி மினுங்கும். உடுப்போடு வீட்டுக்கு வருகிற அலுமினியப் பவுடர். முனியராஜின் கம்ப்யூட்டரில் இது இரண்டும் இல்லை. மணல் இருந்தது. அடியில், ஃபேன் ஓரத்தில், சலித்தெடுத்த மாதிரி பொடி மணல்.

"வீட்ல கட்டட வேல நடக்குதாலே?"

"ஆமாக்கா. பக்கத்துல."

சுத்தம் பண்ணினேன். கார்டைக் கழற்றி, காய்ந்துபோயிருந்த பேஸ்டைச் சுரண்டிப் புதுசு தடவினேன். சிப்பின் சூட்டை மேலே இருக்கிற உலோகத் தகட்டுக்குக் கடத்துவது அந்தப் பேஸ்டின் வேலை. எல்லாவற்றையும் மாட்டி, கார்டைத் திணறத் திணற ஓட்டுகிற ஒரு சோதனையைப் போட்டேன். எழுபத்திரண்டு டிகிரியில் போய் நின்றது. அதற்கு மேல் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. இந்த வெயிலில் அது அருமையான எண். "எடுத்துட்டுப் போ. இனி என்னத் தேடாத" என்றேன்.

மறுநாளே வாட்ஸப்பில் ஒரு படம். தொண்ணூற்றுநான்கு. கீழே ஒரு வரி: அக்கா, அணஞ்சிருச்சு.

திரும்ப வந்தான். கார்டின் நினைவகச் சில்லுகள்மேல் ஒட்டுகிற, சூடு கடத்தும் பட்டைகளை மாற்றினேன். ஃபேன் சீக்கிரமே வேகமெடுக்கும்படி வைத்தேன். கார்டு இழுக்கிற கரண்டைக் கொஞ்சம் குறைத்தேன். கடையில் எழுபது. வீட்டுக்குப் போனதும் தொண்ணூற்றுமூன்று. மூன்றாம் தடவை, விஸ்வநத்தம் பக்கம் கரண்டு ஏறி இறங்குமே, பவர் சப்ளையாக இருக்குமோ என்று என்னிடமிருந்த நல்ல பவர் சப்ளையை மாட்டிக் கொடுத்தேன். அதற்கும் அதே பதில். தலைகீழாக நின்றும் எனக்குப் பிடிபடவில்லை. என் கடையில் சாதுவாக இருக்கிற சனியன் அவன் வீட்டுக்குப் போனதும் ஏன் இந்த ஆட்டம் போடுகிறது?

வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றான். அதற்காக இருபது டிகிரியா கூடும்?

"கண்ணாடிப் பக்கத்தத் தொறந்து வச்சுப் பாத்தியா?"

"தொறந்துதான்க்கா இருக்கு."

"பின்னாடி செவத்துல இருந்து தள்ளி வச்சிருக்கியா?"

"தள்ளித்தான்க்கா இருக்கு."

"வச்சிருக்கிற எடத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

அனுப்பினான். கேபினட்டின் முன்பக்கம் மட்டும், சட்டம் போட்ட மாதிரி. சுற்றிலும் ஒன்றும் தெரியவில்லை. போன் போட்டுக் கத்தினேன். "இது என்னலே, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவா? எடத்தக் காட்டுன்னா மூஞ்சியக் காட்டுற?"

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அக்கா, இதச் சீக்கிரம் எப்படியாவது கொறச்சுக் குடுங்கக்கா. அம்மா சொல்லிட்டா. இன்னொருக்க சூடாகி அணைஞ்சா வெளிய தூக்கி வச்சிருவாளாம். விக்கக்கூட மாட்டாளாம். அடுத்தவுக வீட்ல போயி வெடிச்சா பாவமாம்."

"கம்ப்யூட்டரு வெடிக்காதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"வெடிக்காதுன்னு எம்புட்டுப் பேரு அவகிட்டச் சொல்லியிருக்காக தெரியுமாக்கா?" அப்புறம், "இது போச்சுன்னா நானும் போச்சுக்கா" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கட்டியிருந்த பட்டுச்சேலையோடேயே டூல்ஸ் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு விஸ்வநத்தத்துக்கு விட்டேன். வருகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பான் என்று ஏனோ தோன்றியது.

இரண்டு அறை வீடு. வாசலில் ஒரு சிவப்பு வாளி நிறைய மணல். உள்ளே கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பு வாளி. தீயணைக்கக் கம்பெனியில் தொங்குமே, அதே மாதிரி. பொன்மணி அக்கா ஒல்லியான ஆள். பேக்கிங் பசை காய்ந்த விரல்கள். என் கையிலிருந்த பையை உரிமையோடு வாங்கிக்கொண்டார்.

"வாங்க டீச்சரம்மா, வாங்க. சாப்பிட்டீகளா? இந்த வெயில்ல இம்புட்டுத் தூரம் வந்திருக்கீகளே."

"நான் டீச்சர் இல்லக்கா, கம்ப்யூட்டர் ரிப்பேரு."

"அதான் டீச்சரம்மா, எம்மவன் சொன்னான்."

உள்ளே போனேன். முனியராஜ் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். என்னைப் பார்த்தான், மேஜைக்கு அடியில் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். நான் குனிந்தேன்.

மேஜைக்கு அடியில் ஒரு பெரிய இரும்புத் தட்டு. தட்டு நிறைய மணல். மணலின் மேல் கேபினட். அதற்கு இடமும் வலமும் பின்புறமும் சாம்பல் செங்கல் அடுக்கி மூன்று பக்கச் சுவர், கேபினட்டை ஒட்டி, உள்ளங்கை நுழையாத இடைவெளியில். மேலே மூடியாக ஒரு கடப்பா கல். ஒயர் வருவதற்குப் பின்னால் ஒரு மூலையில் சின்னப் பொந்து. முன்பக்கம் மட்டும் பாக்கி. ஃபேன் தள்ளுகிற சூடு வெளியே போக வழியே கிடையாது; சுற்றிச் சுற்றி அதே அனலைத்தான் அந்தக் கார்டு குடித்துக்கொண்டிருந்தது.

என் வாய் சும்மா இருக்குமா? "அடக் கர்த்தாவே! இது என்ன, உயிரோட இருக்கிற கம்ப்யூட்டருக்குக் கல்லறையா கட்டி வச்சிருக்கீக?"

பொன்மணி அக்காவுக்கு உறைக்கவே இல்லை. பெருமையாகச் சொன்னார். "தடுப்புச் சுவரு டீச்சரம்மா. நானே அடுக்குனேன். சிமிண்டு போடல, ஆனா அசையாது. கம்பெனியில ரூம்புக்கு ரூம்பு நடுவுல இருக்கும்ல, ஒண்ணு போனா அடுத்தது போகாம? அந்த மாதிரிதான். இது மொதமொத சூடானப்பவே சொல்லிட்டேன், சுவரு கட்டித்தான் வீட்டுக்குள்ள வைக்கணும்னு." கல்லைக் கையால் ஒருமுறை தட்டினார். "அன்னைக்கு எனக்கும் இவன் இருந்த ரூம்புக்கும் நடுவுல அந்தச் சுவருதான் நின்னுச்சு. எம்மேல ஒரு பொரி விழல. அதோட வெல எனக்குத் தெரியும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

"நிக்கிறீகளே, உக்காருங்க. ஒரு கலர் வாங்கியாரேன்" என்று சொல்லிச் சேலையை உதறிச் செருகிக்கொண்டு அவர் தெருமுனைக் கடைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் திரும்பினேன். "ஏலே. ஒனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைய மூணு தடவ இதக் கழட்ட வச்சியா? எத்தன பொய்யிடா சொன்ன! தொறந்து இருக்காம், தள்ளி இருக்காம்! கட்டட வேலையாம்!"

"சுவத்துக்குள்ள இருந்தே கொறஞ்சிராதான்னு பாத்தேன்க்கா. நீங்க கெட்டிக்காரவுக, ஏதாவது பண்ணிருவீகன்னு."

இந்த நேரத்தில் ஐஸ் வேறு வைக்கிறான்.

"அவுககிட்டச் சொல்றதுக்கு என்ன?"

அவன் மௌஸைத் தேய்த்துக்கொண்டே பேசினான். "நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து அம்மா ஒழுங்காத் தூங்குனதே இல்லக்கா. எந்திரிச்சு எந்திரிச்சு வந்து என்னத் தொட்டுப் பாப்பா, சுடுதான்னு. இது வந்ததும் இதையும் தொட்டுப் பாப்பா. சூடா இருந்தா அங்கனயே உக்காந்திருவா. இந்தக் கல்ல அடுக்குன அன்னைக்குத்தான் விடியிற வரைக்கும் தூங்குனா. கொறட்டை விட்டாக்கா. நான் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்." மௌஸிலிருந்து கையை எடுத்தான். "அவகிட்டப் போயி, நீ கட்டுன சுவருதான் சூட்டுக்குக் காரணம்னு எப்படிச் சொல்ல? நீங்களும் சொல்லிராதீக. வேற வழி ஏதாவது பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. என்ன பிள்ளை இவன்! அம்மா தூங்க வேண்டும் என்பதற்காகத் தன் சோற்றுக்கு வழியான பொருளை அடுப்பில் வைத்த மாதிரி வைத்திருக்கிறான். கடப்பா கல்லில் ஓட்டை போட்டு ஒரு ஃபேன் வைக்கலாமா? போதாது. கார்டின் சக்தியைப் பாதியாகக் குறைக்கலாமா? அவன் ஏற்கெனவே குறைத்துப் பார்த்திருந்தான். ஒரு நாள் வேலை இரண்டு நாள் இழுத்தது. வேறு வழி இல்லை. வழி இருக்கிறது என்று சொன்னால் அது பொய். நாளைக்கே அணையும்; அணைந்தால் பொன்மணி அக்கா அதை வெளியே தூக்கி வைப்பார். அவர் சொன்னதைச் செய்கிற ஆள் என்று அந்தக் கல் அடுக்கியிருக்கிற நேர்த்தியிலேயே தெரிந்தது.

"வழி இல்லலே. நான் சொல்லத்தான் போறேன்."

"அக்கா!"

"ஒங்கம்மா ஒண்ணும் சின்னப்பிள்ளை இல்ல."

அதற்குள் பொன்மணி அக்கா பன்னீர் சோடாவோடு வந்துவிட்டார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "என்ன, பேயறஞ்ச மாதிரி இருக்கீக? சரியாகாதா டீச்சரம்மா?"

"சரியாகும்க்கா. இங்கன வந்து இந்த நம்பரப் பாருங்க. இதுதான் அதோட சூடு."

சோதனையை ஓட விட்டேன். அறுபதிலிருந்து எண் ஏறத் தொடங்கியது. எழுபது, எண்பது. பொன்மணி அக்கா சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். எண்பத்தேழு. ஃபேன்கள் இரையத் தொடங்கின. அவர் கை தன்னாலே போய் முனியராஜின் சட்டைக் காலரைப் பிடித்தது. நாற்காலியோடு அவனைப் பின்னால் இழுத்தார். தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு.

"நிறுத்துங்க டீச்சரம்மா! நிறுத்துங்க!"

"நிறுத்த வேண்டாம்க்கா. அந்த மேல்கல்ல மட்டும் தூக்குங்க."

"சுவத்தையா?"

"மேல்கல்ல மட்டும்."

"வேண்டாம்மா, இரு" என்று முனியராஜ் எழுந்தான். அவனை ஒரு கையால் உட்கார வைத்துவிட்டு, அவரே குனிந்து கடப்பா கல்லை இழுத்தெடுத்தார். உள்ளே கிடந்த அனல் அவர் முகத்தில் அடித்தது. கண்ணை மூடித் திறந்தார். தொண்ணூற்றொன்று. எண்பத்தொன்பது. "பின்னாடிக் கல்லு" என்றேன். ஒவ்வொன்றாக எடுத்தார். எண்பத்தைந்து. எண்பத்தொன்று. ஃபேன் சத்தம் தணிந்தது. எழுபத்தெட்டில் வந்து எண் நின்றது.

கையில் கடைசியாக எடுத்த கல்லோடு அப்படியே நின்று திரையைப் பார்த்தார்.

"அப்ப நாந்தானா?" என்றார்.

நான் சோதனையை நிறுத்தினேன். அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"ஏலே, ஒன்னத்தான் கேக்கேன். இது ஒனக்குத் தெரியுமா?"

முனியராஜ் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுமாலே?"

"தெரியும்மா."

"எப்ப இருந்து?"

"கல்லு வச்ச அன்னையில இருந்து."

கல்லைக் கீழே வைத்துவிட்டு வந்து அவன் முதுகில் ஒன்று போட்டார். வலது பக்கத் தோளில். வெந்த தோல் எங்கே தொடங்குகிறது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

"கூறுகெட்ட பயலே. இன்னொருக்க அணைஞ்சிருந்தா நானே இதத் தூக்கித் தெருவுல வச்சிருப்பேன்லே. ஒம் பொழப்ப எங்கையால தூக்கி வச்சிருப்பேனே. வாயத் தொறந்து சொன்னா என்ன, நான் என்ன ஒன்னக் கடிச்சா தின்னுருவேன்?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பாவி, எம்புள்ளையச் சுவத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு நின்னவ நான். இந்தத் தடவையாவது சுவரு நடுவுல நிக்கட்டும்னு பாத்தா..."

முனியராஜ் எழுந்து அம்மாவின் கையைப் பிடித்தான். அவர் உதறிவிட்டார். மிச்சமிருந்த கற்களை இரண்டிரண்டாக எடுத்துக் கொல்லைக்குக் கொண்டுபோனார். நான் உதவிக்குப் போனேன், விடவில்லை. மகனையும் விடவில்லை. மணல் தட்டை இழுத்துக்கொண்டு போனவர் திரும்பி வந்து தரையை ஈரத்துணியால் துடைத்தார். கேபினட்டை மேஜையிலிருந்து ஒரு முழம் வெளியே தள்ளி, இரண்டு சிமெண்டுப் பலகைத் துண்டின்மேல் நான் நிற்க வைத்தேன். சோதனையைத் திரும்ப ஓட்டினேன். எழுபத்தாறு. அந்தக் கூரைக்குக் கீழே, அந்த வெயிலில், அதற்குக் கீழே யாராலும் கொண்டுவர முடியாது.

"இனி அணையாதுக்கா" என்றேன். "அது அணைஞ்சதுகூடக் கெட்டதுக்கு இல்ல. சூடு தாண்டுனா தன்னால நின்னுக்கிடும், தீப்பிடிக்காம இருக்கத்தான். அப்படித்தான் செஞ்சிருக்காக."

"சரி டீச்சரம்மா."

"நெசமாத்தான் சொல்றேன். இதுல மருந்து கிடையாது, வெடிக்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது."

"சரி. நீங்க சொன்னா சரிதான்." கேபினட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணாடிக்குள் நீலமும் சிவப்புமாக லைட் ஓடியது. முனியராஜின் இடது முழங்காலுக்கும் அதற்கும் நடுவில் இப்போது ஒன்றுமே இல்லை. அவர் பார்த்தது அதைத்தான்.

"நீ ஓட்டுலே. ஆர்டர் கெடக்குல்ல" என்றார்.

முனியராஜ் என்னைப் பார்த்தான். அப்புறம் வேலையைத் திறந்தான். திரையில் இருட்டு வானம் வந்தது. பொன்மணி அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மகனின் காலுக்கும் கேபினட்டுக்கும் நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதுகு கேபினட்டின் பக்கம். முழங்கால் மகனின் காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"ஒண்ணும் இல்ல. நான் இங்கன இருந்துக்கிடுறேன். நீ பாரு."

நான் பையை மூடிக்கொண்டு எழுந்தேன். திரை ஓரத்தில் சூட்டு எண் எண்பதைத் தொட்டுவிட்டதைப் பார்த்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஜென்மம்தானே நான்.

"அக்கா, ஒங்க முதுகு காத்த மறைக்குது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பொன்மணி அக்கா திரையை அண்ணாந்து பார்த்தார். மகனைப் பார்த்தார். ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். அதற்கு மேல் நகரவில்லை. நானும் சொல்லவில்லை.